ஊருணிக் காவல்காரன் கால்

கல்லலுக்குக் கிழக்கே மூன்று மைலில் இருந்த அந்த ஊரில் குடிக்கிற தண்ணீர் என்றால் ஊருணித் தண்ணீர்தான். கிணறெல்லாம் உப்பு. அதனால் ஊருணிக்குக் காவல் போட்டிருந்தார்கள். காவல்காரன் பெயர் பெத்தன்.

பெத்தனைப் போல ஒரு சிடுமூஞ்சியை ஊர் அதற்குமுன் கண்டதில்லை. ஆடு மாடு கரை ஏறக்கூடாது, துணி துவைக்கக்கூடாது. பெண்கள் படியில் குந்தி, குடத்தை மட்டும் சாய்த்து மொள்ள வேண்டும். கால் பெருவிரல் நனைந்தால் போச்சு, மொண்ட தண்ணீரைக் கரைக்கு வெளியே கொட்டச் சொல்லிவிடுவான். ஒருமுறை பஞ்சாயத்துத் தலைவரின் மைத்துனர் பூமிநாதன் வெயிலுக்கு முகம் கழுவ இறங்கினார். "மேல ஏறுங்க. முகம் கழுவ அங்குட்டுக் கம்மாய் கெடக்கு" என்று கம்பை நீட்டிவிட்டான். சும்மா சொல்லக்கூடாது, அந்தத் தைரியம் வேறு எவனுக்கும் வராது.

அந்தத் தண்ணீருக்குள் கால் வைக்க உரிமை உள்ள ஆள் ஊரிலேயே ஒருவன்தான். அதுவும் பெத்தன். பாசி அரிக்கவும் விழுந்த இலைகளை வாரவும் விடிந்ததும் இடுப்பளவு இறங்குவான். அதற்குமுன் கரையில் தனியாகத் தண்ணீர் ஊற்றிக் காலை மூன்று தடவை தேய்த்துக் கழுவுவான். கோயிலுக்குப் போகிறவன்கூட அவ்வளவு கழுவமாட்டான்.

1966 கோடையில் அவன் கணுக்காலில் ஒரு கொப்புளம் கிளம்பியது. உடைந்ததும் வெள்ளை நூல் மாதிரி ஒன்று எட்டிப் பார்த்தது. நரம்புச் சிலந்தி என்கிற புழு. அந்தப் பக்கத்தில் அது புதுசு இல்லை. புழுவைத் தீக்குச்சியில் சுற்றி, நாளுக்கு ஒரு விரற்கடை இழுத்தான். எரிச்சலில் உயிர் போனது. ஊருணிக்குள் இறங்கினால் மட்டும் குளுகுளுவென்று அடங்கும். அதனால் அந்த மாதம் பாசி அரிக்கக் கொஞ்சம் கூடுதல் நேரமே எடுத்துக்கொண்டான். பாவி மனுஷன், அவனுக்கு என்ன தெரியும்.

அடுத்த கோடையில் வீட்டுக்கு வீடு சிலந்தி. எழுந்து வேலைக்குப் போக ஆள் இல்லை. பெத்தனின் மகள் நாகவல்லிக்கு முழங்காலுக்குக் கீழே வந்தது. பன்னிரண்டு வயது. இழுக்கும்போது புழு பாதியில் அறுந்து, கால் சீழ் பிடித்தது. எட்டாம் நாள் வாய் பூட்டிக்கொண்டது, உடம்பு வில்லாக வளைந்தது. மாட்டு வண்டியில் காரைக்குடிக்குக் கொண்டு போனார்கள். காரைக்குடிக்குள் நுழைந்து செக்காலைத் தெருவில் வண்டி திரும்பும்போது மூச்சு நின்றது. தலை அவள் தாய் மலையம்மாளின் மடியில் இருந்தது.

காரியம் முடிந்த மறுவாரம் சுகாதார இன்ஸ்பெக்டர் குழந்தைவேலு வந்து ஊரைக் கூட்டினார். கண்ணாடி டம்ளரில் ஊருணித் தண்ணீரை மொண்டு வெயிலுக்குக் காட்டினார். உள்ளே தூசி தூசியாக என்னவோ துள்ளியது.

"சிலந்தி உள்ள காலு தண்ணியில பட்டாப் புழு குஞ்சு விடும். அத இந்தப் பூச்சி திங்கும். பூச்சியோட தண்ணியக் குடிக்கிறவுகளுக்கு ஒரு வருஷம் கழிச்சுச் சிலந்தி கெளம்பும். இனிமே வேட்டித் துணியில வடிகட்டிக் குடிங்க. சரி, போன வருஷம் சிலந்தியோட உள்ள எறங்குனது யாரு?"

பூமிநாதன் எழுந்தார். "எங்க ஊருணியில எவனும் கால் வைக்க முடியாதுங்கய்யா. பெத்தன் விடமாட்டான்."

எல்லாத் தலைகளும் ஆடின. பெத்தன் தினமும் இறங்குவது ஊருக்கே தெரியும். ஆனால் அவன் காலை யாரும் ஒரு காலாகவே நினைத்ததில்லை. அவன் வாயைத் திறக்காமல் இருந்திருக்கலாம், யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

"நாந்தான்யா எறங்குனேன்" என்றான். "கணுக்கால்ல இருந்துச்சு. ஒரு மாசம், தெனமும். கழுவிட்டுத்தான்யா எறங்குனேன்."

"கழுவுனாப் பத்தாது பெத்தன். புழு உள்ளதானே இருக்கு" என்றார் இன்ஸ்பெக்டர். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

பெண்கள் பக்கமிருந்து மலையம்மாள் கேட்டாள். "ஐயா, எம் மகளுக்கு இந்தச் சித்திரையில வந்துச்சு. அப்ப அது எப்பக் குடிச்ச தண்ணி?"

"போன வருஷத்துத் தண்ணி, தாயி."

அவள் புருஷனைப் பார்த்தாள்.

ஊர் பெத்தனைக் காவலிலிருந்து நீக்கவில்லை. பாசி அரிக்க வலை கட்டிய நீளக் கழி ஒன்று செய்துகொண்டான். 1978இல் அடிபம்பு போடும்வரை அவன் ஒருநாளும் தண்ணீரில் இறங்கவில்லை. அந்தப் பதினோரு வருஷத்தில் ஊரில் சிலந்தி அற்றுப்போனது. மலையம்மாள் அவனோடுதான் இருந்தாள். சோறு போட்டாள், காய்ச்சலில் கிடந்தால் கஞ்சி வைத்தாள். ஆனால் அவன் மொண்டு கொடுத்த தண்ணீரை மட்டும் அவள் சாகும்வரை வாங்கிக் குடிக்கவில்லை.