சங்கவியின் கிளைகள்

வளையல்களைக் கழற்றி மேசை டிராயரில் போட்டுவிட்டாள் என்றால், சங்கவி மெர்ஜ் பண்ணப் போகிறாள் என்று பொருள். கீபோர்டில் வளையல் இடித்தால் அவளுக்குக் கவனம் சிதறும். திண்டிவனத்தில் ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடியில் இருக்கும் எங்கள் சின்ன சாஃப்ட்வேர் அலுவலகத்தில் ஐந்து பேரும் மூல நிரலை ஆளுக்கொரு நகலாகப் பிரித்து, கிளை என்று சொல்லும் அந்த நகல்களில் எழுதுவோம். அவற்றை மறுபடி மூல நிரலோடு சேர்ப்பது, அதாவது மெர்ஜ், அவள் பொறுப்பு. ஒரே வரியை இருவர் மாற்றியிருந்தால் இருவரையும் கூப்பிட்டு உட்காரவைப்பாள். "ஜல்தி பண்ணாதீங்க. யாரு இன்னாத்துக்கு மாத்துனீங்கனு சொல்லுங்க, கேட்டுக்கினு சேக்கறேன்." வேலை முடிந்த கிளையை அழிக்க மட்டும் மனசு வராது. முந்நூறுக்கு மேல் அப்படியே கிடக்கின்றன.

மரக்காணம் பக்கத்துக் குப்பத்துப் பெண். காற்று எச்சரிக்கையைப் படகுக்காரர்களின் போனுக்குக் குறுஞ்செய்தியாக அனுப்பும் நிரல் ஒன்றை ஓய்வு நேரத்தில் எழுதி, யாரும் எடுத்துக்கொள்ளும்படி இணையத்தில் வைத்திருந்தாள். உடன் வேலை செய்த திருமுருகன், எச்சரிக்கையைக் குரலில் சொல்ல ஒரு கிளை எழுதிக் கொண்டுவந்தான். "ஒவ்வொருத்தருக்கா போன் அடிச்சு முடிக்கறதுக்குள்ள காத்தே வந்துடும்" என்று சேர்க்க மறுத்துவிட்டாள். அவன் கோபத்தில் மொத்த நிரலையும் நகலெடுத்துத் தனி ஃபோர்க்காகப் பிரித்துக்கொண்டு, விழுப்புரத்தில் வேறு வேலைக்குப் போய்விட்டான். ஆறு மாதம் அவன் பேச்சையே அவள் எடுக்கவில்லை.

2016இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனவள், அப்பா மாயவன் போனைக் காதில் வைத்துக் காற்று நிலவரம் கேட்பதைப் பார்த்தாள். பேசியது திருமுருகன் பதிவு செய்து வைத்த குரல்.

"இன்னாப்பா, என்னுது வர்லியா?"

"வருது கண்ணு. எனக்குப் படிக்கவா தெரியும்? போன மாசம் படகக் கடல்ல தள்ற நேரத்துல இந்தப் புள்ள சொல்லித்தான் திரும்பிட்டோம். உன்னுது பாக்கெட்லயே கெடந்துது."

மறுநாள் என்னிடம் சொன்னபோது அவள் கண் கலங்கியிருந்தது. "எங்கப்பாக்குப் படிக்கத் தெரியாதுன்றதே எனக்குத் தோணல பாருங்கண்ணா." அங்கேயே நின்று திருமுருகனுக்குப் போன் போட்டாள்.

"உன் ஃபோர்க்க சேத்துக்கறேன். வந்து கூட உக்காரு."

"இப்பதான் உன் கண்ணு தெறந்துச்சா?"

"ஆமா. தப்பு என்னுதுதான்."

சனிக்கிழமை வந்தான். ஆறு மாதத்தில் இரண்டு நிரல்களும் வெகுதூரம் விலகிப் போயிருந்தன. நாற்பத்தொரு இடத்தில் முட்டியது. மொத்தமாக நகலெடுத்து ஒட்டியிருந்தால் ஒரு மணி நேர வேலை. ஆனால் அவன் எழுதியதெல்லாம் அவள் பெயரில் பதிவாகிவிடும். அதற்கு அவள் சம்மதிக்கவில்லை. முட்டிய இடங்களை ஒவ்வொன்றாக அவனிடம் கேட்டுக் கேட்டுச் சேர்த்தாள். முதலில் எல்லோருக்கும் குறுஞ்செய்தி, பின்னாலேயே படிக்கத் தெரியாதவர்களுக்கு அழைப்பு என்று இருவரும் முடிவு செய்தார்கள்.

சாயங்காலம் சோதித்துப் பார்த்தபோது அவளுடைய போன் அடித்தது. எடுத்து, அப்பாவைப் போலக் காதில் வைத்தாள்.

"வேல செய்யுது, கட் பண்ணு" என்றான் திருமுருகன்.

சங்கவி அவனைப் பேசாமலிருக்கச் சொல்லிக் கையைக் காட்டினாள். கண்ணை மூடிக்கொண்டு கடைசி வார்த்தை வரை கேட்டாள்.