அடுப்பு எரியாத ஊர்

முதலாளி மருதப்பன் அண்ணன் எங்கள் சாப்பாட்டுக் கடையில் ஆர்டர் எடுக்கிற மெஷினை மாட்டிய வாரம், எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அதுவரை பரிமாறுகிறவர்கள் குரல் கொடுப்பார்கள், நான் தோசை போடுவேன். இப்போது சாப்பிட வருகிறவர் வாசலில் ஒரு திரையைத் தொடுவார். என் தோசைக்கல்லுக்கு மேலே இன்னொரு திரையில் கீச்சென்ற சத்தத்தோடு எழுத்து வரும். அத்தனையும் ஆங்கிலம். நான் ஐந்தாவது வரை படித்தவன். தமிழ் வாசிப்பேன், எண் தெரியும். ஆங்கிலத்தில் என் பெயரைத் தவிர வேறு எதுவும் எனக்குப் பிடிபடாது. மூன்றாம் நாள் மசாலா தோசை கேட்டவருக்கு ஊத்தப்பம் போனது. நெய்த்தோசை கேட்ட ஓர் அம்மாவுக்கு ஒன்றுமே போகவில்லை.

அதைப் பார்த்துக்கொண்டு நின்றவர்தான் ரோஷினி. சிங்கப்பூர் ஜாலான் புசார் பக்கம், எங்கள் கடையிலிருந்து இரண்டு கதவு தள்ளி, பூட்டும் ஆணியும் விற்கிற கடைக்கு மாடியில் வேலை செய்தவர். அவர் மருதப்பன் அண்ணனிடம் போய், “அண்ணே, இந்த மெஷின் கத்துற கத்துல காது வலிக்குது. சவுண்ட மாத்தித் தரவா?” என்று கேட்டார்.

“காசு கேக்க மாட்டீங்கன்னா மாத்துங்க” என்றார் அண்ணன்.

மறுநாளிலிருந்து ஒவ்வொரு பலகாரத்துக்கும் ஒரு வீணைச் சத்தம் வந்தது. சாதா தோசைக்கு ச. மசாலா தோசைக்கு ரி. ஊத்தப்பத்துக்கு ம. இட்லிக்கு ப. வடைக்கு மேல் ச, கொஞ்சம் நீட்டி. காது போதும் எனக்கு. மேசை எண்ணை மட்டும் பார்த்தால் சரி. நான் நன்றி சொல்லப் போனேன். “எனக்குக் காது வலிச்சிச்சு அண்ணே, அவ்வளவுதான்” என்று சொல்லிவிட்டு நடந்துவிட்டார். மருதப்பன் அண்ணன் இன்றைக்கும் அது காது வலிக்காக மாற்றியது என்றே நம்பிக்கொண்டிருக்கிறார்.

ரோஷினிக்கு அப்போது முப்பத்து மூன்று வயது இருக்கும். புக்கிட் பாத்தோக்கில் அம்மாவோடு வீடு. அவர் உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. தட்டை ஏந்திக்கொண்டு வாசலுக்கும் கல்லாவுக்கும் நடப்பார். நிற்க வேண்டி வந்தால் கால் ஆடும், கால் நின்றால் விரல் தட்டும். ஒரு தோசை வாங்கினால் பாதி தட்டிலேயே கிடக்கும்.

“நடந்துக்கிட்டே சாப்பிட்டா தோசை எங்க போய்ச் சேரும் தங்கச்சி?” என்று ஒருநாள் கேட்டேன்.

“அது வழி கேட்டுப் போயிக்கும் அண்ணே.”

மாடியில் அவர்கள் செய்துகொண்டிருந்தது ஒரு விளையாட்டு. கம்பெனி என்றால் இரண்டே பேர், இவரும் ஜாஃபர் என்கிற கூட்டாளியும். ஜாஃபர் வீட்டார் நாகூர்ப் பக்கத்திலிருந்து வந்து மூன்று தலைமுறையாகச் சிங்கப்பூர்க்காரர்கள். வாய் ஓயாத மனிதர். அந்த விளையாட்டை எனக்கு விளக்கியதும் அவர்தான்.

“மாஸ்டர், இது சுட்டு விளையாடுற கேம் இல்ல. நீங்களே ஒரு ஆளா மாறி உள்ள போயிடுவீங்க. தம்பூரா தூக்கின ஒரு பொண்ணு. ஊர் ஊரா நடக்கணும். ஒவ்வொரு ராகமும் ஒரு ஊரு. மோகனம் ஒரு ஊரு, தோடி ஒரு ஊரு. அந்த ஊர்ப் பிரச்சினைய அந்த ராகத்த வச்சே தீர்க்கணும். தீர்த்தாத்தான் அடுத்த ஊருக்குக் கதவு திறக்கும்.”

“சண்டையே கிடையாதா?”

“சண்டை எனக்கும் ரோஷினிக்கும்தான்.”

அவர் விளையாட்டாகச் சொன்னாலும் அது உண்மை. தீபாவளிக்கு முந்தின வாரம் விளையாட்டை வெளியிடுவதாக நாள் குறித்து ஊருக்கெல்லாம் சொல்லியாகிவிட்டது. பதினோரு ஊர் முடிந்துவிட்டது. ஆஹிரி என்கிற ஒரே ஓர் ஊர் முடியவில்லை. ரோஷினி அதைப் பதினான்கு தடவை பிரித்துப் பிரித்துச் செய்திருந்தார். “இது இல்லாமலே விட்டுடலாம் லா, யாருக்கும் தெரியப்போறதில்ல” என்பார் ஜாஃபர். “அந்த ஊரு இல்லாட்டி எனக்கு இந்த கேமே வேணாம்” என்பார் ரோஷினி. மாதக் கடைசிக்குள் முடியாவிட்டால் அதை எடுத்துவிடுவது என்று கடைசியில் இருவரும் ஒப்புக்கொண்டார்கள். அன்றிலிருந்து பாதித் தோசையும் இறங்கவில்லை.

மத்தியானம் மூன்று மணிக்குக் கடை ஓய்ந்திருக்கும். அப்படி ஒரு நேரத்தில்தான், அந்த ஊரில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்டேன். அவர் சர்க்கரை டப்பாவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நகர்த்திக்கொண்டே சொன்னார்.

“பாட்டுக்காரங்க ஒரு பேச்சு சொல்வாங்க அண்ணே. ஆஹிரி பாடினா அன்னிக்குச் சோறு கிடைக்காதுன்னு. எங்க பாட்டு டீச்சரும் சொல்வாங்க, காலையில வெறும் வயித்துல பாடாதேன்னு. எனக்கு அப்போ பத்தொம்போது வயசு. எதச் சொன்னாலும் அதுக்கு நேர்மாறாப் பண்ணுற வயசு. ஒருநாள் காலையில பாடினேன். அப்பா டாக்ஸி ஓட்டக் கிளம்பிக்கிட்டு இருந்தாங்க. ஷூ மாட்டிக்கிட்டே கேட்டாங்க, நல்லாருக்கும்மான்னாங்க. மத்தியானம் ஆஸ்பத்திரியிலேர்ந்து போன் வந்துச்சு. வண்டியிலேயே நெஞ்சு வலி. சாயங்காலம் உடம்ப எங்க அடுக்குமாடி புளோக்குக்குக் கீழ கொண்டுவந்து வச்சுட்டாங்க. வீட்ல அடுப்பு எரியல. டீச்சர் சொன்ன மாதிரியே.”

நான் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தேன்.

“யாரும் என்னைய ஒரு வார்த்தை சொல்லல. திட்டியிருந்தாங்கன்னா எதிர்த்துச் சண்டையாச்சும் போட்டிருப்பேன். அப்புறம் நான் பாடவே இல்ல. கேம்ல வர்றதெல்லாம் கம்ப்யூட்டர் வீணைதான்.”

சர்க்கரை டப்பாவை இருந்த இடத்திலேயே திருப்பி வைத்துவிட்டுப் போய்விட்டார். என் மனசு அன்று முழுக்க ஒரு நிலையில் இல்லை. இரண்டு தோசை கருகியது.

ஜாஃபர் ஒருநாள் வந்து, “மாஸ்டர், கேம்னா என்னன்னே தெரியாத ஒரு ஆளு வேணும். எல்லாம் தெரிஞ்சவன் விளையாடினா தப்பு தெரியாது. திங்கக்கிழமை உங்களுக்கு லீவுதானே?” என்றார்.

நான் திங்கட்கிழமை காளியம்மன் கோயிலுக்குப் போய்விட்டு, திருநீறு கலையாமல் அப்படியே மாடி ஏறினேன். மின்விசிறி, இரண்டு மேசை, தரையெல்லாம் ஒயர். ஜாஃபர் என்னை உட்கார வைத்து, இரண்டு கையாலும் பிடிக்கிற ஒரு சாமானைக் கொடுத்தார். கட்டைவிரலால் தள்ளினால் தம்பூராப் பெண் நடக்கிறாள். மோகன ஊரில் கொஞ்ச நேரம் நடக்க விட்டார்கள். பச்சை வயல், சந்தை. ஓர் அம்மா பெரிய பாத்திரத்தில் இட்லி அவித்துக்கொண்டிருந்தார். இட்லித்தட்டு சரியாக இருக்கிறதா என்று நான் குனிந்து பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது.

அடுத்தது ஆஹிரி ஊர். உள்ளே போனதும் பின்னால் கதவு மூடிக்கொண்டது. ஒரே ஒரு தெரு. ஒரு வீட்டு வாசலில் வரிசையாக நாற்காலி. செருப்புகள் கண்டபடி கிடந்தன. உள்ளே ஓர் அம்மா சுவரில் சாய்ந்து தலைவிரிகோலமாக உட்கார்ந்திருந்தார். தெருவில் நிற்கிற ஒவ்வொருவர் தலைக்கு மேலும் ஒரு காலித் தட்டின் படம் மிதந்தது.

“அப்படின்னா பசின்னு அர்த்தம்” என்றார் ஜாஃபர். “உள்ள அடுப்பு தெரியுதா? அதுகிட்டப் போங்க. ஸ்வரம் வரும், ஒண்ணொண்ணா அமுக்கினீங்கன்னா பத்திக்கும். சோறு வெந்துடும். கதவு திறந்துடும்.”

நான் அந்தப் பெண்ணைத் திருப்பிக் கதவுக்கு நடத்தினேன். கதவில் டொக் என்று மோதினாள். இன்னொரு தடவை தள்ளினேன். டொக்.

“மாஸ்டர், அந்தப் பக்கம் ஒண்ணுமில்ல. அடுப்பு இந்தப் பக்கம்.”

“தெரியுது தம்பி.” டொக்.

“செவுரு இடிஞ்சிரப் போகுது! தோசையத் திருப்புற மாதிரி திருப்புங்க, அடுப்புக்குப் போங்க.”

“முந்தின ஊர்ல ஒரு அம்மா இட்லி அவிச்சுக்கிட்டு இருந்தாங்கள்ல? போய் வாங்கிட்டு வந்துடறேன். இவங்க எத்தனை பேரு, ஒரு பத்துப் பேரு இருப்பாங்களா?”

“கதவு பூட்டியிருக்கு மாஸ்டர்.”

“யாரு பூட்டினது?”

ஜாஃபர் திரும்பிப் பார்த்தார். ஜன்னல் பக்கம் நடந்துகொண்டிருந்த ரோஷினி, “நான்தான்” என்றார்.

“சாவு வீடு தங்கச்சி இது” என்றேன். “சாவு வீட்ல போய் நான் எப்படி அடுப்பு பத்த வைக்கிறது? தினமும் பொட்டு வச்சுக் கும்பிட்டுட்டு அடுப்பத் தொடுறவன் நான். அந்த அம்மா அங்க உட்கார்ந்திருக்காங்க. எடுக்கிற வரைக்கும் அவங்களும் பத்த வைக்க மாட்டாங்க, நாமளும் பத்த வைக்கக் கூடாது. ஆனா அதுக்காக யாரையும் பட்டினியும் போட மாட்டாங்களே. அக்கம்பக்கத்துலேர்ந்து கொண்டுபோவாங்க. உங்க பக்கம் எப்படி தம்பி?”

ஜாஃபர் தலையைச் சொறிந்தார். “எங்க வாப்பாவோட அப்பா மவுத்தானப்போ மூணு நாளைக்கு அடுப்பு கிடையாது. சொந்தக்காரங்கதான் சட்டி சட்டியாக் கொண்டுவந்தாங்க. ஆமா லா... இது எப்படி நமக்குத் தோணல?”

ரோஷினி பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார்.

மறுநாள் அவர் கடைக்கு வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. வீணைச் சத்தம் கேட்கும்போதெல்லாம் எனக்கு அதே நினைப்புத்தான். அப்பாவைப் பறிகொடுத்த பெண்ணிடம் சாவு வீடு, எடுக்கிற வரை என்றெல்லாம் பேசிவிட்டேனே என்று. அம்மன் முன்னால் நின்று, என் வாயால் அந்தப் பெண்ணுக்கு ஒரு குறையும் வரக் கூடாது தாயே என்று கேட்டுக்கொண்டேன். மாதம் முடிய பதினொரு நாள்தான் இருந்தது.

மூன்றாம் நாள் வந்தார். வந்ததும் வராததுமாகக் கல்லுக்குப் பக்கத்தில் நின்று, “அண்ணே, அன்னிக்கு நான் சாப்பிட்டேன்” என்றார்.

“என்னிக்கு?”

“அப்பா போன அன்னிக்கு. எதிர் வீட்டு மலாய்க்கார அம்மா, எங்க மக்சிக், என்னையக் கூட்டிட்டுப் போயி மாடிப்படியில உட்கார வச்சாங்க. பீங்கான் தட்டு. சோறு, முட்டைப் பொரியல், கொஞ்சம் சம்பல். நான் வேணாம்னு தலையாட்டறேன், அவங்க மலாய்ல என்னமோ பேசிக்கிட்டே ஊட்டி விட்டுட்டாங்க. தட்டு முழுக்கச் சாப்பிட்டேன். அடுப்பு எரியலங்கிறத மட்டும் இத்தனை வருஷம் ஞாபகம் வச்சிருந்தேன். அந்தத் தட்டு மறந்தே போச்சு. நேத்து அம்மாகிட்டக் கேட்டேன். ‘அவங்க மூணு வேளையும் கொண்டுவந்தாங்களே, உனக்குத் தெரியாதா’ங்கிறாங்க!”

சிரிக்கிறாரா அழுகிறாரா என்று எனக்குப் பிடிபடவில்லை. கால் மட்டும் ஆடிக்கொண்டே இருந்தது.

அன்றைக்கே பூட்டைக் கழற்றினார்கள். கதவைத் திறப்பது லேசான காரியம் இல்லையாம். ஒரு ஊரிலிருந்து திரும்பி நடக்க விட்டால் மற்ற ஊர்களையும் மறுபடி சோதிக்க வேண்டுமாம். “உங்களத் தோசை சுட மட்டும் விட்டிருக்கணும், என் தலைமுடியப் பாருங்க மாஸ்டர், நரைச்சுப் போச்சு” என்று ஜாஃபர் பார்க்கும்போதெல்லாம் திட்டினார். வேலை முடிகிற வரை அவர்கள் சாப்பிடக் கீழே இறங்கவில்லை. மூன்று மணிக்குக் கடை ஓய்ந்ததும் நான் தூக்கில் இட்லியும் சாம்பாரும் எடுத்துக்கொண்டு மாடி ஏறுவேன். முதல் நாள் ஜாஃபர் என் கையிலிருந்த தூக்கைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். “கேம்ல வர்ற ஆளு நேர்லயே வந்துட்டாரு” என்றார். கடைசி நாளுக்கு முதல் நாள் வேலை முடிந்தது.

இப்போது அந்த ஊரில் அடுப்பு எரியாது. எத்தனை ஸ்வரம் அமுக்கினாலும் எரியாது. கதவும் பூட்டியிருக்காது. திரும்பி நடந்து, மோகன ஊரில் கேட்டு வாங்கி, சுமந்துகொண்டு வர வேண்டும். அவ்வளவுதான். வெளியிட்ட அன்று ஜாஃபர் போனைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். யாரோ ஒருவர் இரண்டு மணி நேரம் அடுப்போடு மல்லுக்கட்டிவிட்டு, இதைச் செய்தவர்கள் பைத்தியம் என்று எழுதியிருந்தாராம். ரோஷினி அதைப் படித்து வாய்விட்டுச் சிரித்தார். அப்படிச் சிரித்து நான் அதுவரை பார்த்ததில்லை. ஆனாலும் நடந்துகொண்டேதான் சிரித்தார். மனுஷருக்குப் பழக்கம் ஒரு நாளில் போய்விடுமா?

பொங்கல் கழிந்து ரோஷினிக்குக் கனடாவில் ஒரு வேலை கிடைத்தது. அம்மாவையும் பிறகு அழைத்துக்கொள்வதாகச் சொன்னார். இது நடந்து இரண்டு வருஷம் ஆகிறது. புறப்படுகிற அன்று காலை ஏழு மணிக்குக் கடைக்கு வந்தார். பெட்டியெல்லாம் அம்மாவோடு நேரே சாங்கி விமான நிலையத்துக்குப் போய்விட்டதாம். இவர் மட்டும் இந்தப் பக்கம் ஓர் எட்டு.

வாசல் திரையைத் தொடவில்லை. நேரே வந்து கல்லுக்கு எதிரே இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஆமாம், உட்கார்ந்தார். நான் ஒரு சாதா தோசை போட்டு, நெய் கொஞ்சம் கூட விட்டுக் கொடுத்தேன். கால் மேசைக்கு அடியில் ஆடிக்கொண்டுதான் இருந்தது. தோசை முழுக்க இறங்கியது. சட்னியை விரலால் வழித்தார்.

“நேரமாகலையா தங்கச்சி? பிளேன் உங்களுக்காக நிக்காது” என்றேன். கல்லைத் துடைக்கிற சாக்கில் திரும்பிக்கொண்டேன்.

அவர் தட்டை என் பக்கம் நீட்டினார்.

“இன்னிக்குக் காலையில எந்திரிச்சதும் ஆஹிரிதான் பாடினேன் அண்ணே. வெறும் வயித்துல. இன்னொரு தோசை போடுங்க.”