எடின்பரோவில் கொளுத்திய கற்பூரம்

டூங்கபியில் எங்கள் வீட்டுச் சுவாமி அலுமாரியில் ஒரு சின்னப் பித்தளைக் கற்பூரத்தட்டு இருக்கிறது. உள்ளங்கையை விடச் சிறியது, கைப்பிடி ஒரு பக்கம் வளைந்தது. மாமா, அதாவது என் மனைவியின் தகப்பனார், எந்த ஊருக்குப் போனாலும் அதை ஒரு காலுறைக்குள் சுருட்டி எடுத்துப் போவார். கற்பூரம் காட்டாமல் அவருக்குக் காலைத் தேத்தண்ணி இறங்காது. அவர் கற்பூரம் கொளுத்துகிற நேரம் பார்த்துக் கூரையிலுள்ள புகை அலாரத்தின் கீழே அது அலறாதபடி, குளித்துத் துடைக்கும் துவாயை வீசிக்கொண்டு நிற்பது என் வேலை. மருமகனுக்குரிய மரியாதை எனக்கு இந்த வடிவத்தில்தான் கிடைத்தது. குறை சொல்லவில்லை, பழகிவிட்டேன்.

மாமி இறந்தது ஒரு ஜனவரி மாதம்; உலகின் தென்கோடியில் இருக்கும் எங்களுக்கு அது கோடை உச்சம். வென்ட்வேர்த்வில் ஸ்டேசனுக்கு நடந்து போனால் தார் செருப்பில் ஒட்டுகிற வெயில். அவர்களுடைய ஒரே மகன், என் மச்சான், எடின்பரோவில் வேலை செய்துகொண்டிருந்தான். செய்தி கேட்ட அன்றே டிக்கெட் எடுத்துவிட்டான். ஆனால் அங்கே பனி கொட்டி விமான நிலையத்தை மூடிவிட்டார்கள். இரண்டு நாள் அங்கே தரையில் படுத்துக் கிடந்தான். ஈமச்சடங்கைத் தள்ளிப்போடலாம் என்று நாங்கள் எல்லாரும் கெஞ்சினோம். மாமா மசியவில்லை. "பனி பெய்யுதெண்டு பிளேன் நிக்குமோ? வர மனமில்லாதவன் சொல்லுற சாட்டு," என்றார். நாற்பது பாகை வெயிலில் இருந்துகொண்டு பனியை நம்புவதும் கஷ்டம்தான். கொள்ளி வைப்பது மகனுக்குரியது. இங்கே விறகு கிடையாது, மயானத்தில் உலையை மூட்ட ஒரு பொத்தான். அந்தப் பொத்தானை நான் அழுத்தினேன். வீட்டுக்கு வந்ததும் மாமா எல்லார் முன்னாலும் சொன்னார்: "எனக்கும் மருமகனே வைக்கட்டும். அவன் வரத் தேவையில்லை."

வந்திருந்தவர்கள் அதை எனக்குக் கிடைத்த பெருமையாகப் பார்த்தார்கள். நானோ இன்னொருவன் கதிரையில் ஏறி உட்கார்ந்துவிட்டவன் போல ஆறு வருடம் கூசிக்கொண்டு திரிந்தேன். அந்த ஆறு வருடமும் மாமா மகனோடு பேசவில்லை. மச்சான் ஒவ்வொரு ஞாயிறும் தமக்கைக்குப் போன் எடுப்பான். வைக்கப்போகும் நேரத்தில், "அப்பா பக்கத்தில நிக்கிறாரோ?" என்று கேட்பான். நிற்பார். போனை வாங்க மாட்டார். அவன் அனுப்பும் பேரப்பிள்ளையின் படத்தை மட்டும் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு பார்ப்பார்.

பிறகு லண்டனில் சொந்தத்துக்குள் ஒரு கலியாணம் வந்தது. வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரியில் தாதியான என் மனைவிக்கு லீவு கிடைக்கவில்லை. "எப்பிடியாவது அவை ரெண்டு பேரையும் ஒருக்கால் சந்திக்க வையுங்கோ," என்று சொல்லி மாமாவையும் அந்தப் பொறுப்பையும் என் தலையில் கட்டி அனுப்பினாள். கலியாணம் முடிந்த மறுநாள் நான் மெல்ல ஆரம்பித்தேன். எடின்பரோவில் ஒரு பழைய கோட்டை இருக்கிறதாம், மூன்று நாளில் போய்ப் பார்த்துவிட்டு வரலாமா என்று கேட்டேன். மாமா என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. "ஓம், கோட்டை எண்டால் பாக்கலாம்," என்றார். யாழ்ப்பாணத்தில் கோட்டைக்குப் பக்கத்திலேயே பத்து வருடம் வேலை பார்த்தவர். ஒருநாளும் உள்ளே எட்டிப் பார்த்ததில்லை.

எடின்பரோவில் முதல் இரண்டு நாளும் கோட்டையைத்தான் பார்த்தோம். அறிவிப்புப் பலகைகளை ஒன்று விடாமல் வாசித்தார். மழையில் கறுத்துப்போன கற்கட்டடங்களைப் பார்த்து, "விறகடுப்புக் குசினிச் சுவர் மாதிரிக் கிடக்கு," என்றார். காற்று காதைப் பிய்த்தது. மகனின் பெயரை எடுக்கவேயில்லை. ஆனால் எங்கள் நிறத்தில் எந்த வாலிபன் எதிரே வந்தாலும் அவருடைய நடை தளர்ந்தது. மச்சானுக்கு நான் இரகசியமாகப் போன் எடுத்தேன். "அவர் கூப்பிட்டால் அஞ்சு நிமிசத்தில வருவன் அத்தான். கூப்பிடாமல் வந்து, அவர் முகத்தைத் திருப்பினால் என்னால தாங்கேலாது," என்றான். அப்பனும் பிள்ளையும் ஒரே அச்சு. மூன்றாம் நாள் பகல் எங்களுக்கு லண்டனுக்கு விமானம். மனைவிக்கு என்ன பதில் சொல்வதென்று யோசித்துக்கொண்டே படுத்தேன்.

ஹோட்டல் அறையில் நெருப்புக் கூடாது என்று முதல் நாளே சொல்லிவைத்திருந்தேன். இரண்டு காலையும் வெறும் தட்டைச் சுற்றிக் கும்பிட்டார். மூன்றாம் காலை நான் குளியலறையில் முகம் மழித்துக்கொண்டிருந்தபோது அலாரம் அலறியது. ஓடி வந்தேன். அறை நடுவில் மாமா, கையில் எரிகிற கற்பூரம். "ஊருக்குப் போற நாள், மனம் கேக்கேல்லை தம்பி," என்றார். நான்கு மாடியும் இறங்கித் தெருவில் நின்றது. என் பாதி முகத்தில் சவர்க்கார நுரை. மாமா வேட்டி, திருநீறு, மேலே என் குளிர்ச்சட்டை. தட்டை விடவில்லை.

அப்போதுதான் தெருவைப் பார்த்தோம். இரவு முழுவதும் பனி பெய்திருக்கிறது. தெருவோரத்துக் கார்கள் வெள்ளை மேடுகளாகக் கிடந்தன. ஏற்றத்தில் ஒரு பஸ் குறுக்கே வழுக்கி நின்றது. என் போனில் செய்தி வந்தது, விமானம் ரத்து.

"இண்டைக்குப் பிளேன் போகாதோ?" என்று மாமா கேட்டார்.

"போகாது மாமா."

"பனிக்கோ?"

"ஓம், பனிக்குத்தான்."

அவர் வெகுநேரம் அந்த பஸ்ஸையே பார்த்துக்கொண்டிருந்தார்.  பிறகு, "அவனுக்கு ஒரு போன் எடுங்கோ தம்பி," என்றார்.

ஐந்து நிமிடத்தில் வருவேன் என்றவன் வந்து சேர ஒன்றரை மணித்தியாலம் ஆயிற்று. வாகனம் எதுவும் ஓடாததால் நடந்தே வந்தான். அதற்குள் எங்களை உள்ளே விட்டிருந்தார்கள்; மாமா கீழே முன்கூடத்தை விட்டு அசையாததால் நானும் பாதி முகத்தோடு அங்கேயே இருந்தேன். முழங்கால் வரை நனைந்து, ஹோட்டல் வாசலைத் தாண்டாமல் நின்றான். மாமா எழுந்து போய் அவன் காலைப் பார்த்தார். "சப்பாத்தைக் கழட்டு. ஈரம்," என்றார். அவன் குனிந்தான், நிமிரவில்லை. அப்படியே இருந்து அழுதான். மாமா அவன் தலையில் கை வைத்து, "பனிக்குப் பிளேன் நிக்கும் எண்டு எனக்குத் தெரியாது ராசா. அம்மாவின்ர காரியத்தை நான் தள்ளி வைச்சிருக்கலாம்," என்றார். நான் மீதி முகத்தை மழிக்க மேலே போனேன். போகிற வழியில் நானும் அழுதேன், சொல்வதற்கென்ன.

மாமா இறந்ததும் ஒரு ஜனவரியில்தான். கடைசி வாரத்தில் மகளிடம் சொல்லியிருந்தார்: "அவன் வருமட்டும் என்னை வைச்சிருங்கோ. பனி எண்டால் பொறுங்கோ." அந்த முறை பனி மறிக்கவில்லை, மூன்றாம் நாளே மச்சான் வந்துவிட்டான். மயான மண்டபத்தில் பொத்தானை அழுத்துமுன் ஒரு துண்டுக் கற்பூரம் கொளுத்த அனுமதி உண்டு. மாமாவின் தட்டை நான் காலுறையிலிருந்து எடுத்து மச்சானிடம் கொடுத்தேன். அவன் கொளுத்தினான். புகை எழுந்ததும் என் கண் தானாகக் கூரைக்குப் போனது. கீழே பார்த்தபோது அவனும் கூரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். "அத்தான், துவாய் கொண்டு வந்தனீங்களோ?" என்றான், கன்னமெல்லாம் கண்ணீர். நான் ஓரடி பின்னுக்கு நகர்ந்தேன். அவன் தட்டை என் கையில் தந்துவிட்டுப் பொத்தானை அழுத்தினான்.