அங்கீகரிக்கப்படாத மாடி

"மோட்டாரை நிறுத்தச் சொல்லுங்க."

தினமும் காலையில் கற்பகம் இதைத் தன் கணவர் ஈஸ்வரனிடம் சொல்வார். மோட்டாரைப் போட்டவள் மருமகள் மகாராணி. அவள் அப்போது மாடிப்படியின் கடைசிப் படியில், இருவருக்கும் பக்கத்திலேயே நின்றுகொண்டிருப்பாள். ஈஸ்வரன் கழுத்தைத் திருப்பி, "மோட்டார நிப்பாட்டணுமாம் ஆத்தா" என்பார்.

"நிப்பாட்டியாச்சு மாமா. டேங்கு ரொம்பிருச்சு, இன்னிக்கு இது மதின்னு அத்தைகிட்டச் சொல்லுங்க."

மதி என்றால் போதும் என்று அர்த்தம். மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்துச் சொல். ஈஸ்வரன் அதைப் போதும் என்று மாற்றி மனைவியிடம் சேர்ப்பதற்குள் அவர் அடுப்படிக்குப் போயிருப்பார். முப்பது வருடத் தாம்பத்தியத்தில் பேசியதைவிட இந்த ஒன்றேகால் வருடத்தில் ஈஸ்வரன் அதிகம் பேசியிருக்கிறார். போடி பஜாரில் ஒரு ஏலக்காய்க் கடையில் காய் தரம் பிரிப்பது அவர் வேலை. வாயைத் திறக்காமல் பார்க்கக்கூடிய வேலை. வீட்டுக்கு வந்தால் எல்லாவற்றையும் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருக்கிறது.

மருமகள் என்பது நாம் சொல்வது. கற்பகம் "மாடியில இருக்கறவங்க" என்பார். மரியாதையில் குறை வைக்கமாட்டார்.

கற்பகம் அரசியல் அறிவியல் பேராசிரியை. ஊருக்கு வெளியே இருக்கும் ஒரு கல்லூரியில் மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குச் சர்வதேசச் சட்டம் எடுக்கிறார். கஞ்சி போட்ட பருத்திச் சேலை, கையில் நீளமான மரஸ்கேல். அந்த ஸ்கேல் உலக வரைபடத்தில் எல்லைகளைக் காட்டுவதற்கு மட்டும்தான். யார் மேலும் விழுந்ததில்லை. பிள்ளைகள் அவருக்கு ஐ.நா. என்று பெயர் வைத்திருக்கிறார்கள். "ஐ.நா. வருதுடா" என்றால் வராந்தா காலியாகும். பெயர் பொருத்தமானது என்பதுதான் கற்பகத்தின் எண்ணமும். அவரும் கண்டனம் தெரிவிப்பாரே தவிர, தண்டனை கொடுத்ததில்லை.

நெதர்லாந்தில் இருக்கும் சர்வதேச நீதிமன்றம் பற்றிய பாடத்தை அவர் போடியிலிருந்துதான் தொடங்குவார். "ஒங்க வீட்டுச் சுவத்துல பக்கத்து வீட்டுக்காரன் ஆணி அடிச்சா கோர்ட்டுக்குப் போவீங்க. சம்மன் போனா அவன் வந்துதான் ஆகணும். அங்க அப்படி இல்ல. எதிராளியும் 'சரி, வழக்கு நடத்திக்கலாம்'னு ஒத்துக்கிட்டாத்தான் அந்தக் கோர்ட்டு கேக்கும். தீர்ப்பு வந்தாலும் பிடிச்சுட்டுப் போக போலீசு கெடையாது."

சிலமலையிலிருந்து வரும் அருள்பாண்டி எழுந்தான். "அப்பறம் எதுக்கு மேடம் அந்தக் கோர்ட்டு?"

"பெரும்பாலும் தீர்ப்பக் கேட்டு நடந்துக்கறாங்க. நாலு நாடு பாக்குதே, அந்தக் கூச்சந்தான்."

"கூச்சம் இல்லாத நாடுன்னா?"

"உக்காரு."

அவருக்குப் பிடித்த பாடம் அங்கீகாரம். ஒரு நாடு நாடாக என்ன வேண்டும் என்று 1933இல் மான்டிவிடியோவில் கூடி ஓர் உடன்படிக்கை செய்தார்கள். நிலையான மக்கள், வரையறுத்த நிலப்பரப்பு, ஓர் அரசாங்கம், மற்ற நாடுகளோடு உறவு வைக்கும் திறன். நான்கையும் கரும்பலகையில் எழுதி ஸ்கேலின் நுனியால் தட்டிக் காட்டுவார். அதன் பிறகு இரண்டு கட்சி. மற்றவர்கள் ஏற்றுக்கொண்டால்தான் அது நாடு என்பது ஒரு கட்சி. நான்கும் இருந்தால் அது நாடுதான், மற்றவர்கள் ஏற்பது வெறும் சம்பிரதாயம் என்பது இன்னொன்று.

"நீங்க எந்தக் கட்சி மேடம்?" என்று பவித்ரா என்ற மாணவி கேட்டாள்.

"ரெண்டாவதுதான். நீ ஒத்துக்காததுனால குரங்கணி மலை எங்கயும் போயிராது. இருக்கறது இருக்கும்."

வீட்டுக்கு வந்தால் மாடியில் நான்கும் இருந்தன. நிலப்பரப்பு என்பது ஓர் அறை, ஒரு சமையலறை, துணி காயப்போடும் மொட்டைமாடி. மக்கள் என்பது மகன் சூர்யபிரகாஷும் மகாராணியும். அரசாங்கம் யாரிடம் என்பதில் சூர்யபிரகாஷுக்கே சந்தேகமில்லை. வெளியுறவில் குறை சொல்ல முடியாது. வந்த மாதத்திலேயே தெருவில் எல்லா வீட்டோடும் மகாராணிக்குப் பேச்சுவார்த்தை ஏற்பட்டுவிட்டது, ஒரு வீட்டைத் தவிர. கற்பகம் வாசல்படி ஏறி வீட்டுக்குள் வந்ததும் முதல் கட்சிக்கு மாறிவிடுவார்.

சூர்யபிரகாஷ் எஸ்டேட் எஸ்டேட்டாகப் போய் உரமும் பூச்சி மருந்தும் விற்கிறவன். மகாராணி பூப்பாறைப் பக்கம் ஓர் எஸ்டேட் ஸ்டோரில் கணக்கு எழுதியவள். அப்பா இல்லை, அம்மா சுருளியம்மாள் ஏலத்தோட்டத்தில் காயெடுக்கப் போகிறவர். இருவரும் பதிவு அலுவலகத்தில் கல்யாணத்தை முடித்துவிட்டு, வெளியே வந்து கரும்பு ஜூஸ் குடித்துவிட்டு, பிறகு போனில் சொன்னார்கள். மாடி சும்மாதானே கெடக்கு என்று ஈஸ்வரன் அவர்களைக் கூட்டிவந்து குடிவைத்தார். தாம்பத்தியத்தில் அவர் தன்னிச்சையாக எடுத்த ஒரே முடிவு அது.

"கேட்டிருந்தா சம்மதிச்சிருப்பீங்களா டீச்சர்?" என்று வரலாற்றுத் துறை அருள்மொழி ஒருநாள் கேட்டார்.

"மாட்டேன். ஆனா கேட்டிருக்கணும்."

எஸ்டேட் லயத்து வரிசை வீட்டில் வளர்ந்த பெண் என்பதுதான் காரணம் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். கற்பகம் அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. அளவையும் செல்வத்தையும் பார்த்து ஒரு நாட்டுக்கு அங்கீகாரத்தை மறுக்கக்கூடாது என்று அவரே எழுதிய குறிப்பு வருடாவருடம் ஜெராக்ஸாகிப் பிள்ளைகள் கைக்குப் போகிறது.

அங்கீகாரத்தை வாயால் சொல்லித்தான் தர வேண்டும் என்பதில்லை. தூதரை ஏற்றுக்கொண்டால் வந்துவிடும். இருவர் மட்டும் செய்துகொள்ளும் உடன்படிக்கையில் வந்துவிடும். இதைப் பாடம் நடத்துகிறவருக்கு எங்கே கால் வைக்கக்கூடாது என்று தெரியாதா? சொந்தக்காரர் கல்யாணத்தில் மகாராணியோடு ஒரே பந்தியில் உட்காருவார். பல நாடுகள் கூடும் மாநாட்டில் உட்கார்ந்ததாலேயே அங்கீகாரம் ஆகிவிடாது. "இது யாரு, மருமகளா?" என்று யாராவது கேட்டால், பக்கத்து இலைக்கு ரசம் வராததைக் கவனித்துக்கொண்டிருப்பார்.

ஆட்சேபிப்பதிலும் தவறமாட்டார். ஆட்சேபிக்காமல் விட்டது வழக்கமாகும், வழக்கம் சட்டமாகும் என்பது அவர் துறையின் அடிப்படை. மொட்டைமாடித் துணியிலிருந்து நீர் சொட்டிக் கீழே வடகத்தில் விழும் நாளெல்லாம் ஈஸ்வரனைக் கூப்பிடுவார். "இதுவரைக்கும் சொட்டுனதையும் சேத்து எதையுமே நான் ஒத்துக்கிட்டதா அர்த்தமில்லைன்னு சொல்லுங்க." ஈஸ்வரன் மேலே அண்ணாந்து, "துணிய நல்லாப் புழிவியாம் ஆத்தா" என்பார்.

மீன்குழம்பு வைக்கும் நாளில் ஒரு தூக்குச்சட்டி மாடிக்குப் போகும். "சூர்யாவுக்கு" என்று சொல்லித்தான் ஈஸ்வரன் கையில் கொடுப்பார். குழம்பு இரண்டு பேருக்குக் காணும். உணவுப் பொருள் அனுப்புவது மனிதாபிமானம். அதில் அரசியல் கிடையாது. வெறும் பாத்திரத்தைத் திருப்பக்கூடாது என்று மகாராணி அதில் ஒரு பிடி ஏலக்காய் போட்டு அனுப்புவாள். பச்சை மாறாத பருவெட்டுக் காய். "நல்ல காயி" என்பார் ஈஸ்வரன். கற்பகம் அதை டீயில் தட்டிப் போடுவார். மகாராணி முழுகாமல் இருக்கிறாள் என்ற செய்தி கீழே வந்த வாரத்தில் தூக்குச்சட்டி மாறியது. அடுத்த அளவுச் சட்டி.

"என்ன, பெருசாப் போகுது?" என்றார் ஈஸ்வரன்.

"சூர்யாவுக்குப் பசி கூடிருச்சு."

ஐப்பசி மழை பிடித்த நேரத்தில் சூர்யபிரகாஷ் அப்பாவிடம் ஒன்று சொன்னான். ஈஸ்வரன் அதை வழக்கம்போலக் கீழே கொண்டுவந்தார். "பிரசவத்துக்கு மலைக்குப் போறாளாம். போனா ரெண்டு பேரும் அங்கேயே இருந்துக்கறாங்களாம். ஸ்டோர்ல பழைய வேலையும் குடுக்கறாக, வீடும் குடுக்கறாகளாம். அம்மா ஒரு வார்த்த பேசாத வீட்டுல பிள்ளைய எதுக்கு வளக்கணுங்கறான்."

கற்பகம் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். "ஒரு தடவ சொன்னாப் போதும்" என்றார்.

ஈஸ்வரன் ஒரு தடவைதான் சொல்லியிருந்தார்.

பிள்ளைத்தாய்ச்சியைத் தாய்வீட்டுக்குக் கூட்டிப் போகிறவர்கள் வகைவகையாகச் சோறு கட்டிக்கொண்டு வந்து, மாமியாரிடம் கேட்டுத்தான் கூட்டிப் போவார்கள். கேட்காமல் போகிற வழக்கமில்லை. கற்பகம் இதைப் பல நாள் யோசித்தார். போய்ட்டு வா என்றால் அங்கீகாரம். அனுப்ப முடியாது என்றாலும் அங்கீகாரம். உரிமை இருக்கிறவர்தானே மறுக்க முடியும்? வாயே திறக்காமல் இருந்தால் ஆட்சேபம் இல்லை என்று ஆகிவிடும். அதற்கும் பாடத்தில் ஒரு பக்கம் உண்டு. மிச்சமிருந்தது ஒரே வழி, ஊரில் இல்லாமல் போவது. அவர்கள் கூட்டிப் போக வரும் ஞாயிற்றுக்கிழமை, தேவாரம் ஊரில் அருள்மொழியின் தங்கை வீட்டில் பால்காய்ப்பு இருந்தது. கற்பகம் பட்டுச்சேலை கட்டி, பஸ்சுக்குக் கிளம்பி வாசலுக்கு வந்தார். ஜீப்பு வந்து நின்றது.

முற்பகலில் வருவதாகச் சொன்னவர்கள் விடிந்ததும் கிளம்பி வந்திருந்தார்கள். மலையில் மேகம் இறங்கியிருக்கிறது, பெரிய மழை வருவதற்குள் ஏறிவிட வேண்டும் என்றார் வண்டியை ஓட்டிவந்த கோட்டைச்சாமி. அவர் சுருளியம்மாளின் தம்பி. சுருளியம்மாள் தாம்பாளத்தோடு நேராகக் கற்பகத்தின் முன்னால் வந்து நின்றார்.

"மதினி, பிள்ளையக் கூட்டிட்டுப் போறோம். ஒரு வார்த்த சொல்லுங்க."

கற்பகம் ஈஸ்வரனைப் பார்த்தார். "அங்க எந்த ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவாங்கன்னு கேளுங்க."

ஈஸ்வரன் கேட்டார்.

"எஸ்டேட்டுல நர்ஸம்மா இருக்கு. பெரிய ஆஸ்பத்திரின்னா ஜீப்புல ரெண்டு மணி நேரம். நாங்கெல்லாம் அங்க பெத்தவகதானே" என்றார் சுருளியம்மாள்.

"ராத்திரில வலி வந்தா?"

இதை ஈஸ்வரன் திருப்பிச் சொல்லவில்லை. கேள்வி நேராகப் போய்ச் சேர்ந்துவிட்டது.

"வண்டி இருக்கு, தம்பி இருக்கான்."

"மண்ணு சரிஞ்சு ரோடு அடச்சுக்கிட்டா?"

"போன வாரம் அடச்சிருந்துச்சுக்கா" என்றார் கோட்டைச்சாமி, ஆறுதலாக. "இப்பத் தொறந்தாச்சு."

"அப்ப அனுப்ப முடியாது" என்றார் கற்பகம்.

எதிர்வீட்டில் துணி அலசிக்கொண்டிருந்த ராக்கு அலசுவதை நிறுத்தினாள். சுருளியம்மாள் தாம்பாளத்தை ஈஸ்வரன் கையில் கொடுத்துவிட்டு முந்தானையை இழுத்துச் செருகினார்.

"முடியாதா. எம்பிள்ள இந்த வீட்டுக்கு வந்து ஒரு வருசம் தாண்டிருச்சு. சாப்ட்டியா, தூங்குனியான்னு ஒரு வாய் கேட்டீகளா? மசக்கையில கெடந்தாளே, என்னன்னு எட்டிப் பாத்தீகளா? மாடியில இருக்கறவகளாமே, அவ என்ன வாடகைக்கா வந்தா? இப்பத் தடுக்கிறீக. என்ன மொறையில தடுக்கிறீக மதினி? அத மட்டும் சொல்லுங்க. பிள்ளைய இங்கேயே விட்டுட்டு நாங்க பாட்டுக்குப் போறோம்."

இரண்டு மதிப்பெண் கேள்வி. ஒரு சொல்லில் விடை எழுதலாம். கற்பகம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"விடும்மா" என்று ஜீப்பிலிருந்து குரல் வந்தது. இவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே மகாராணி மாடியிலிருந்து இறங்கி வந்து முன்சீட்டில் ஏறி உட்கார்ந்திருந்தாள். "அத்தைக்கு பஸ்சுக்கு நேரமாச்சு. வா, நாம போவோம்."

சூர்யபிரகாஷ் அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் பெட்டியைப் பின்னால் ஏற்றினான். கோட்டைச்சாமி வண்டியைக் கிளப்பினார். தூற்றல் விழ ஆரம்பித்தது.

கற்பகம் தெருவில் இறங்கி, ஜீப்பைச் சுற்றிக்கொண்டு போய் முன்சீட்டின் பக்கத்தில் நின்றார். யாரிடமும் எதுவும் சொல்லச் சொல்லவில்லை. பானெட்டின் பக்கவாட்டில் ஏதோ ஒரு பெயர் மலையாளத்தில் எழுதியிருந்தது. கற்பகத்துக்கு மலையாளம் வாசிக்க வராது. முகத்தை அந்தப் பக்கமாகத் திருப்பி, அந்த எழுத்துகளை ஒவ்வொன்றாக, மறுமதிப்பீட்டுக்கு வந்த விடைத்தாளைப்போலப் படித்துக்கொண்டிருந்தார். வலது கை மட்டும் சீட்டை நோக்கி நீண்டிருந்தது. உள்ளங்கையில் தூற்றல் விழுந்துகொண்டிருந்தது.

மகாராணி அம்மாவைப் பார்த்தாள். சுருளியம்மாள் மேகத்தைப் பார்த்தார். கோட்டைச்சாமி இஞ்சினை நிறுத்தினார்.

மகாராணி அந்தக் கையைப் பிடித்து, தன் பாரம் முழுவதையும் அதன்மேல் போட்டு, மெதுவாகக் காலைக் கீழே வைத்தாள். கற்பகத்தின் தோள் ஒருபக்கமாகச் சாய்ந்தது. கண் எழுத்தைவிட்டு நகரவில்லை. இடது கையும் வந்து சேர்ந்து பிடித்துக்கொண்டது.