கூத்துக்கு ஒரு டம்ளர் அரிசி

எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். போர் போடும் ரிக் வண்டிகளோடு வடக்கே போய் ஆட்களுக்குச் சமைத்துப் போட்டேன். ஒரு இடத்தில் இரண்டு வருடம் சேர்ந்தாற்போல் இருந்தது கிடையாது. திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் அந்தத் தறிப்பட்டறைக்கு வந்தபோதும் தங்கும் எண்ணம் இல்லை. தறிகளை விற்றபின் சும்மா கிடந்த பட்டறை. ஒரு கூத்துக்காரர் அதை வாடகைக்குப் பிடித்து ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் கூத்துக் கட்டிக்கொண்டிருந்தார்.

ஊருக்குள்ளிருந்து காடு தோட்டம் சொந்தமாக உள்ள தோட்டக்காரர்கள் வருவார்கள். காலனியிலிருந்தும் வருவார்கள். ஆளுக்கொரு பக்கம் நின்று பார்த்துவிட்டு ஆளுக்கொரு வழியில் போய்விடுவார்கள். ஒரே இடத்தில்தான் ரெண்டு பக்கமும் சிரிக்கிறது, ஒன்றாக உட்கார்ந்து சோறு தின்றால் என்ன என்று கூத்துக்காரர் கேட்டுக்கொண்டே இருப்பார். அவர்தான் அந்த வழக்கத்தைக் கொண்டுவந்தார். டிக்கெட் கிடையாது. ஆளுக்கு ஒரு டம்ளர் அரிசி. பொன்னியோ ரேஷனோ, எல்லாம் ஒரே சாக்கில் விழும். கூத்துக்கு முன்னால் பந்தி. அப்படிக் கலந்த அரிசியில் பாதி குழையும், பாதி விதையாக நிற்கும். பதம் பார்த்து வடிக்க ஆள் வேண்டும். அதற்குத்தான் நான்.

மூன்று மாதம் காலனி ஆட்கள் மட்டுமே உட்கார்ந்தார்கள். தோட்டக்காரர்கள் அரிசியைப் போட்டுவிட்டு, பசி இல்லை என்று வெளியே நின்றார்கள். பிறகு அவர்களில் வயதான ஒரு அம்மா, வருகிற ஞாயிறு வீட்டாரோடு பந்தியில் உட்காருவதாகச் சொன்னார். அவர் உட்கார்ந்தால் மற்றவர்களும் உட்காருவார்கள். எனக்குத் தெரிந்து கூத்துக்காரர் கோயிலுக்குப் போனது அந்த வாரம்தான்.

அந்த ஞாயிறு பதினோரு மணிக்கு மேட்டூரிலிருந்து அண்ணன் போன் செய்தான். அப்பா போய்விட்டார், நாலு மணிக்கு எடுக்கிறோம் என்றான். அப்பா அணையில் மீன் பிடித்தவர். நாங்கள் பேசி ஆறு வருடம் ஆகியிருந்தது. வாரேன் என்று சொல்லி வைத்தேன்.

உலை கொதித்துக்கொண்டிருந்தது. உடனே கிளம்பினால் முகம் பார்க்கலாம். விஷயத்தைச் சொன்னால், தீட்டுக்காரன் கைபட்ட சோற்றை ஒருவரும் தொட மாட்டார்கள். சொல்லாமல் போனால் வடிக்க ஆள் இல்லை. உட்கார்ந்து யோசித்தேன் என்று சொல்ல முடியாது. அரிசியைக் களைந்து போட்டேன். புளி கரைத்தேன். அழுகை வரவில்லை.

அந்த அம்மா வந்தார். காலனிப் பெரியவர் ஒருவருக்கும் கூத்துக்காரருக்கும் நடுவில் உட்கார்ந்தார். கூத்துக்காரர் பெண் வேஷத்தில் இருந்தார். சாயம் கலையாமல் இருக்க வாயை அகலத் திறந்து உருண்டை உருண்டையாக உள்ளே போட்டார்.

"கட்டியிருக்கறது சேலை. தின்னறது ரிக்குக்காரனாட்ட," என்றார் அந்த அம்மா. இரண்டு பக்கமும் சிரித்தது. நான் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

இரண்டாம் பந்தி எழுந்தபின் பஸ் ஏறினேன். எடப்பாடியில் அடுத்த பஸ்ஸுக்கு வெகுநேரம் நின்றேன். மேட்டூரில் இறங்கும்போது ஐந்து தாண்டிவிட்டது. சுடுகாட்டில் தீ நன்றாகப் பிடித்திருந்தது. மொட்டைத் தலையோடு நின்ற அண்ணன் நகர்ந்து எனக்கு இடம் விட்டான்.

காரியம் பதினாறாம் நாள் என்றார்கள். அதுவரை எனக்கு அங்கே இருப்புக் கொள்ளவில்லை. அடுத்த ஞாயிறே பட்டறைக்குத் திரும்பினேன். அடுப்பைத் தொடவில்லை. கூத்துக்காரரிடம் நடந்ததைச் சொன்னேன். வெளியில் சொல்லாதே, எல்லாம் கெட்டுப்போகும் என்று கையைப் பிடித்துக்கொண்டார். அந்த நேரம் அந்த அம்மா டம்ளரோடு உள்ளே வந்தார். போன வாரம் உலை வைத்திருக்கும்போதே என் அப்பா இறந்துவிட்ட செய்தி வந்தது என்று அவரிடமே சொல்லிவிட்டேன்.

"சொன்னா ஒருத்தரும் திங்க மாட்டோம்னுதான் சொல்லலியா?"

"ஆமாங்க."

"மூஞ்சியாச்சும் பாத்தியா?"

"இல்லீங்க."

அவர் மருமகளுக்குக் காதில் விழுந்தது. அவள் கொண்டுவந்த அரிசியோடு திரும்பிப் போனாள். அவள் சொல்லி இன்னும் பத்துப் பேர் போனார்கள். அந்த அம்மா சாக்குப் பக்கம் போனார். டம்ளர் அரிசியை அதில் கவிழ்த்தார்.

"பதினாறு கழியற மட்டும் நீ அடுப்புக்கிட்ட வரப்படாது சாமி. கரண்டி எங்க வெச்சிருக்கற?"

அன்று அவர்தான் ஆக்கினார். காலனிப் பெண்கள் இரண்டு பேர் கூட நின்று காய் அரிந்தார்கள். கூட்டம் பாதிதான். அவர் சோற்றுக் கூடையோடு வந்து குனிந்ததும் காலனிப் பெரியவர் எழுந்திருக்கப் பார்த்தார்.

"உக்காருங்க. எலை பறக்குது," என்றார் அந்த அம்மா.

என் இலையை மட்டும் வரிசையிலிருந்து ஒரு முழம் தள்ளிப் போட்டிருந்தார். எனக்கும் அவரே பரிமாறினார். சோறு குழைந்திருந்தது. உப்பு எப்படி என்று கேட்டார். சரியாக இருக்குதுங்க என்றேன். அவர் உப்பே போட மறந்திருந்தார். இலையில் ஒன்றும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன்.