கொல்லை வீட்டுக்குப் பச்சை மரம்

வெர்லா ஹாஸ்கெல் எதையும் சோதித்துப் பார்க்காமல் வாங்க மாட்டாள். அமெரிக்காவில் யூஜீன் நகரத்தில் காலமெல்லாம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். சக்கரத்தை உதைத்துப் பார்த்துவிட்டுத்தான் ஏறுவாள். அவளுக்கு வாய்த்த மகன் டாரிலோ எல்லாவற்றையும் ஏனோதானோவென்று செய்கிறவன்.

மருமகள் கெண்ட்ராவுக்கு மாமியாரோடு ஒரே வீட்டில் ஒத்துவரவில்லை. கொல்லையில் சின்னதாக ஒரு வீடு கட்டி அம்மாவை அங்கே தள்ளிவிடலாம் என்று டாரில் முடிவெடுத்தான். இத்தனைக்கும் அந்தப் பெரிய வீடு வெர்லா சம்பாதித்து வாங்கியது. சண்டை எதற்கு என்று சம்மதித்தாள். ஆனால் அந்த ஊரில் வீட்டுச் சுவரைத் தாங்குவது மரச்சட்டங்கள்தான்; அவற்றை நானே பொறுக்குவேன் என்று சொல்லிவிட்டாள்.

மரக்கடையில் சட்டங்களை ஒவ்வொன்றாக உருவி, ஒரு முனையைத் தரையில் ஊன்றி, மறுமுனையில் ஒற்றைக் கண்ணை வைத்துப் பார்த்தாள். வளைந்ததும் முறுக்கியதும் ஒரு பக்கம் குவிந்தன. கடைக்காரன் மிட்ச்சுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"என்னம்மா, மரத்துக்கு அழகிப் போட்டியா நடத்துற? கலைச்சதை யாரு அடுக்குறது?"

"கோணல் மரத்தை விக்கிறவன் அடுக்கட்டும்."

அதற்குள் டாரில் வேறு மரத்தை வண்டியில் ஏற்றியிருந்தான். டக்ளஸ் ஃபிர் என்ற ஊசியிலை மரம், ஈரம் வற்றாத பச்சை. ஆணி அடித்தால் தண்ணீர் முகத்தில் தெறிக்கும். அந்த ஊரில் பாதிப்பேர் அதில்தான் கட்டுகிறார்கள். சுவருக்குள்ளேயே காயட்டும் என்பார்கள். காயும்போது முறுக்கிக்கொண்டு கதவு சாத்த வராமல் போவதைப் பற்றி மட்டும் வாய் திறக்க மாட்டார்கள்.

"இறக்குடா இதை!"

"சும்மா இரும்மா. ரெண்டு மூணு வருஷம் தாராளமாத் தாங்கும்."

"அப்புறம்?"

"அப்புறம் வாடகைக்கு விடறப்ப சரி பண்ணிக்கலாம்னு கெண்ட்ரா..."

நாக்கைக் கடித்துக்கொண்டான். மிட்ச் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

வெர்லாவுக்குப் புரிந்துவிட்டது. பெற்ற பிள்ளை அவள் சாவுக்கு நாள் குறித்துவிட்டு, அதற்கு ஏற்ற மரமும் வாங்கியிருக்கிறான்.

"நல்லதுடா. இதை வச்சே கட்டு. கட்டினதும் நீயும் உன் பொண்டாட்டியும் அங்க குடி போங்க. நான் என் வீட்டை விட்டு நகர மாட்டேன்."

"விளையாடாதம்மா."

"யாரு விளையாடுறா? நாளைக்கே வக்கீலைக் கூப்பிடவா?"

டாரிலுக்கு அவளைத் தெரியும். சொன்னால் செய்துவிடுவாள். பச்சை மரத்தை ஒவ்வொன்றாக வண்டியிலிருந்து இறக்கத் தொடங்கினான்.