சாம்பலுக்குப் பொட்டாஷ்

எண்ணூரில் எங்கள் தெருவில் உரம் பற்றிச் சந்தேகம் வந்தால் என் பக்கத்து வீட்டுக்காரரைத்தான் கேட்பார்கள். உரக் கிடங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நானும் கேட்டேன். கொல்லையில் நான் வைத்திருந்த வாழைக்கு ஐந்தாவது மாதம். அடி இலைகளின் ஓரம் மஞ்சளாகிக் கருகிக்கொண்டிருந்தது.

“பொட்டாஷ் பத்தலமா. கடைக்கெல்லாம் போவாத. பவர் ஹவுஸ் சாம்பலு ரோட்டோரம் குமிஞ்சி கீது பாரு, அள்ளியாந்து கொட்டு. அடுப்புச் சாம்பலும் அதுவும் ஒண்ணுதான்.”

நாலு வாளி கொட்டினேன். தண்ணீர் பட்டதும் அது வேரைச் சுற்றிச் சிமெண்ட் மாதிரி இறுகியது. சில வாரங்களில் குருத்தே கருகிவிட்டது.

மாடியில் துணி காயப்போடும்போதுதான் அவர் தன் மனைவியிடம் சொன்னது காதில் விழுந்தது. “பைப்பு வுட மாட்டேன்னா இல்ல? சாவட்டும் அவ மரம்.”

அவர் வீட்டுச் சாக்கடைக் குழாயை என் கொல்லை வழியாக விட முடியாது என்று நான் மறுத்திருந்தேன். அதற்குத்தான் இது. அன்று சண்டைக்குப் போகவில்லை. உரக்கடையில் நின்று விவரமாகக் கேட்டுக்கொண்டேன். விறகுச் சாம்பலில்தான் பொட்டாஷ் உண்டு; பவர் ஹவுஸ் நிலக்கரிச் சாம்பல் வேரை இறுக்கிவிடும். யூரியா இலைக்கும் உயரத்துக்கும். தண்டு வலுக்கவும் காய் திரளவும் பொட்டாஷ்.

அடுத்த வருடம் தன் இளைய மகள் கல்யாணப் பந்தலில் கட்டுவதற்கென்று அவர் வாசலில் மூன்று வாழை வைத்தார். நான் இரண்டு வைத்தேன். மூன்றாவது மாதம், மகன் வீட்டுப் பேரக்குழந்தையைப் பார்க்க அவர் குடும்பத்தோடு பெங்களூர் கிளம்பினார். யூரியா ஒரு பை, பொட்டாஷ் ஒரு பை. இரண்டையும் என்னிடம் கொடுத்தார்.

“நீதான் பாத்துக்கணும் தங்கச்சி. ரெண்டையும் கலந்து போடு.”

“சரிண்ணா.”

யூரியா முழுவதையும் அவர் மரங்களுக்குப் போட்டேன். பொட்டாஷ் முழுவதும் என் மரங்களுக்குப் போனது. ஒவ்வொரு முறை மண்ணைக் கிளறும்போதும் மாடியில் கேட்ட அந்தக் குரலை நினைத்துக்கொள்வேன். கை தயங்கவே இல்லை.

நாலு மாதம் கழித்துத் திரும்பியவர் அசந்துபோனார். “இன்னா பச்ச பாத்தியா!” என்று தெருவெல்லாம் சொன்னார். நான் சிரித்தேன். குலை தள்ளிய பிறகு அடித்த கடல்காற்றில் அவர் மரங்களில் இரண்டு நடுவில் முறிந்தன. மூன்றாவதில் காய் சுண்டுவிரல் பருமன். என் மரங்கள் இரண்டும் பெருங்குலையோடு நின்றன.

கல்யாணத்துக்கு நாலு நாள் இருக்கும்போது, தெருவில் தண்ணி லாரிக்காக எல்லோரும் குடத்தோடு நிற்கும் நேரத்தில் என்னிடம் வந்தார்.

“ஒன் ரெண்டு மரத்தயும் குடும்மா. பொண்ணு கல்யாணம்.”

“குடுக்கறேன். போன வருசம் நீ எனக்கு இன்னா உரம் சொன்ன, எதுக்கு சொன்னன்னு இவங்க எதிர்ல சொல்லுண்ணா.”

அவர் முகம் செத்துப்போனது. தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “சாம்பல கொட்டச் சொன்னேன். பட்டுப்பூடும்னு தெரிஞ்சேதான் சொன்னேன்.”

வரிசையில் யாரோ ஒருத்தி “த்தூ” என்றாள். எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. அவர் மகளுக்காகத்தான் மரத்தைக் கொடுத்தேன் என்று பிறகு பலரிடம் சொன்னேன். அது பாதிதான் உண்மை. அந்த வாக்கியத்தை அவர் வாயால் கேட்பதற்காக இன்னும் பத்து மரம் கொடுத்திருப்பேன்.

கல்யாணத்துக்கும் போனேன். அவரே முன்னால் நின்று எனக்குப் பரிமாறினார். யூரியா விஷயத்தை இன்றுவரை அவரிடம் சொல்லவில்லை. சொல்வதாகவும் இல்லை.